எந்தப் பாய்?

எங்கள் பட்டறைக்குள் செருப்போடு போகக் கூடாது. பிரான்சு நாட்டில், வேலை செய்கிற இடத்தில், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போவதா என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நானும் தூக்கினேன். கட்டில் விளிம்பு வரைக்கும் ஷூவோடு போகிற மனிதர்கள் இவர்கள். ஆனால் இந்த ஒரு கூடத்தில் மட்டும் வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து, வழவழவென்று தேய்ந்த மரத்தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தைக்கிறார்கள். காரைக்காலில் நாங்கள் மாதா கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் பூசைக்குப் போவோம். இங்கே வந்த முதல் ஞாயிறு அதே பழக்கத்தில் கோயில் படியில் நான் செருப்பைக் கழற்ற, பக்கத்தில் வந்த என் நாத்தனார், "ஐயோ, மானம் போவுது, மாட்டுடீ" என்று இடுப்பில் கிள்ளினார். ஆக, சாமியிடம் செருப்போடு போ, சம்பளத்துக்கு வெறுங்காலோடு வா. இந்த ஊர் நியாயம் எனக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று.

அந்தக் கூடம் ஒரு பாய்ப் பட்டறை. இப்படிச் சொன்னதுமே ஊரில் இருக்கிற நீங்கள், "எந்தப் பாய்?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். எங்கள் ஊரில் அதைக் கேட்காமல் ஒரு காரியமும் ஒழுங்காக நடக்காது. சின்ன வயதில் அம்மா என்னை, "பாய் கடையிலேருந்து ஒரு ஆள வரச் சொல்லு, பாய் வாங்கணும்" என்று அனுப்பினால், நான் பாதி வழியில் திரும்பி வந்து எந்தப் பாய் எது என்று கேட்டுவிட்டுப் போவேன். முதல் பாய், தருமபுரம் போகிற சாலையில் அப்பாவின் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜா பாய். இரண்டாவது, படுக்கிற கோரைப் பாய். நெடுங்காட்டில் சின்னம்மா வீட்டுக்குப் போனால் யாரும் யாரையும் நலம் விசாரிக்க மாட்டார்கள். "பாயுதா?" என்பார்கள். வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலுக்குப் பாய்கிறதா என்று அர்த்தம். கடற்கரைப் பக்கம் போனால் பாய் என்பது காற்றைப் பிடிக்கப் படகில் விரிப்பது. செய்தித்தாளைப் பிரித்தால் தினமும் யார் மேலாவது ஒரு சட்டம் பாய்ந்திருக்கும். நான் பதில் பேசினால் அம்மா, "ஏன்டீ பாயுற?" என்பார். நல்ல மார்க் வாங்கினால் அதே அம்மா, "தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடி பாயும்ல" என்று எட்டடிப் பெருமையைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தை எனக்குத் தருவார். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரே குடித்தனம் நடத்தியது. அதனால் ஒரு சொல்லுக்கு ஒன்பது அர்த்தம் இருப்பது எனக்குப் புதிதில்லை. இங்கே வந்து ஒரு சொல்லிடம் வசமாக மாட்டிக்கொண்டேனே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் பிலோமினா. காரைக்காலில் அப்பா கடையை ஒட்டிய ஓர் அறையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். ரவிக்கை, புடவைக்குப் பீக்கோ எல்லாம் தைப்பேன். ஆனால் என் கைக்குப் பேர் வாங்கித் தந்தது கல்யாண நெட்டு. எங்கள் கிறிஸ்தவ மணப்பெண்கள் தலையிலிருந்து முதுகில் வழியவிட்டுக்கொள்ளும் வெள்ளை வலை முக்காடு. அதன் விளிம்பைச் சுருக்கம் விழாமல் தைப்பதில் எனக்குப் போட்டி கிடையாது, இதைத் தற்பெருமை என்றாலும் பரவாயில்லை. அப்படிப் பல பேர் தலைக்குத் தைத்து, கடைசியில் என் தலைக்கும் ஒன்று தைத்துக்கொண்டு சேவியரைக் கட்டினேன். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அதனால் மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தை இருந்தால் மாப்பிள்ளைக்கு மூக்கு இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். சேவியருக்கு மூக்கு நன்றாகவே இருக்கிறது, அது வேறு விஷயம்.

காரைக்கால்காரர்கள் எல்லாம் பாரீசைச் சுற்றிக் கறிவேப்பிலை கிடைக்கிற இடமாகப் பார்த்துக் குடியேற, நாங்கள் மட்டும் மேற்கே பிரெத்தாஞ் கடலோரத்தில் ஒரு துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தோம். சேவியரின் அக்கா அங்கேதான் இருந்தார். அவர் வீட்டில் ஓர் அறை, அதில் பகலில் சோபாவாகவும் ராத்திரி கட்டிலாகவும் மாறுகிற ஒரு சாமான், அதன் மேல் நாங்கள் இரண்டு பேர். அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் சட்டங்கள் இருந்தன. குளியலறையில் பத்து நிமிடம். போனில் மெதுவாகப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவாடு வறுக்கக் கூடாது. "பக்கத்து வூட்டுக்காரி போலீசக் கூப்புட்ருவா" என்பார். காரைக்காலிலிருந்து அம்மா கட்டி அனுப்பிய நெத்திலி, மூன்று பாலிதீன் பைக்குள் மூச்சு முட்டிக்கொண்டு இரண்டு வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு வீடு காலியாக இருந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, கடலைப் பார்த்த ஜன்னல். கடைக்கார அம்மாதான் வீட்டுக்காரி. சேவியர் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், ஆனால் அவர் ஒருவர் சம்பளம் போதாது, உனக்கும் நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் இருந்தால் தருகிறேன் என்றாள். என் சமையலறை, என் சட்டி, என் நெத்திலி. அதற்காகத்தான் நான் வேலை தேடிப் போனேன். பெண் விடுதலை என்று யாராவது மேடையில் என்னை நிறுத்தினால் நெத்திலியைத்தான் சொல்வேன்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலம். நெட்டுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். வ்வால். வாயைக் குவித்துச் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், "மதாம், எனக்கு வ்வால் வேண்டும். வ்வால்தான் என் வாழ்க்கை" என்றேன். அவள் முகம் மெல்ல இறுகியது. அந்த ஆண்டு இங்கே தொலைக்காட்சியைத் திறந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முக்காடு போடலாமா கூடாதா என்றே விவாதம், அந்த முக்காட்டுக்கும் பெயர் வ்வால். அவள் என் தலையைப் பார்த்தாள். தலையில் தேங்காய் எண்ணெயைத் தவிர ஒன்றும் இல்லை.

"மதாம், வேலையிடத்தில் வ்வால் என்றால்... கொஞ்சம் சிக்கல்" என்றாள்.

"நான் கத்தோலிக்" என்று கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினேன்.

"அப்படியானால் உங்களுக்கு எதற்கு வ்வால்?"

"கல்யாணத்துக்கு."

"வாழ்த்துகள். யாருக்குக் கல்யாணம்?"

"எல்லாருக்கும்!"

பாவம், பெருமூச்சு விட்டாள். பிறகு நான் ஊசியும் நூலுமாகக் கையால் அபிநயம் பிடித்துக் காட்டியதும் முகம் தெளிந்தது. கணினியைத் தட்டி ஒரு முகவரியை அச்சடித்துத் தந்தாள். ஒரு வ்வாலெரிக்குத் தையல்காரி வேண்டுமாம். ரொட்டி விற்கும் கடை புலான்ழெரி, இறைச்சி விற்கும் கடை புஷெரி என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் வ்வாலெரி? நெட்டு விற்கும் கடைதானே! சேசுவே, என் பெயரைப் போட்டல்லவா கடை திறந்து வைத்திருக்கிறார்கள் என்று உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாள் என் கல்யாண நெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, இஸ்திரி போட்டு, மாதிரிக்குக் காட்டலாம் என்று பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தால் தரை முழுக்க வெள்ளைத் துணி. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். இவ்வளவு பெரிய மணப்பெண்ணா என்று திகைத்து நின்றேன். துணியின் நடுவில் முட்டி போட்டு ஊர்ந்து வந்தார் ஒரு தாடிக்காரர். அவர்தான் முதலாளி, மிஸ்யே இவோன். வாசலில் ஷூக்களைப் பார்த்து நானும் செருப்பைக் கழற்றி வைத்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று பிற்பாடு சொன்னார்கள். நான் என் நெட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், அதன் ஊடாக 'ஃபூ' என்று ஊதினார். எதிரே நின்ற பெண்ணின் முடி பறந்தது. "அழகாக இருக்கிறது மதாம். ஆனால் இதைக் கட்டினால் காற்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடும்" என்றார். அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த படகுப் படங்கள் என் கண்ணில் பட்டன. வெட்கத்தில் நெட்டைச் சுருட்டினேன். ஆனால் அவர் விடவில்லை. விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முடி பறந்த அந்தப் பெண் மர்த்தினைக் கூப்பிட்டுக் காட்டினார். வளைவில்கூடச் சுருக்கம் இல்லை என்று இருவரும் தலையாட்டினார்கள். இரண்டு மாதம் சோதனைக் காலம், நன்றாகச் செய்தால் நிரந்தர ஒப்பந்தம் என்றார். நெட்டு தைக்கப் போனவள் பாய் தைக்கிறவள் ஆன கதை இதுதான்.

மர்த்தினுக்கு என் வயதுதான். அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். தலையில் போடுவது லு வ்வால், ஆண்பால். படகில் கட்டுவது லா வ்வால், பெண்பால். சொல் ஒன்றுதான், முன்னால் நிற்கிற எழுத்துதான் வேறு. பெண்கள் தலையில் ஏறுவது ஆணாம், ஆண்கள் படகில் ஏறுவது பெண்ணாம். இதை ஏற்பாடு செய்தவன் கட்டாயம் ஒரு விஷமக்காரன். எனக்கு அந்த லுவும் லாவும் வாயில் நிற்கவே நிற்காது. ஒருநாள் ஆறடி உயர மீனவர் ஒருவர் தன் பாயை வாங்கிப் போக வந்தார். நான் பணிவாக, "உங்கள் முக்காடு தயார், மிஸ்யே" என்று சொல்லியிருக்கிறேன். அவர் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் பெண்டாட்டி சந்தோஷப்படுவாள்" என்றார். பட்டறையே தரையில் உருண்டது. தரையில்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள் என்பதால் உருளுவது சுலபமாக இருந்தது.

ஊருக்கு இதைச் சொல்லலாம் என்று ஹாஜா பாய் கடைக்குப் போன் போட்டேன். அப்பா கடையில் போன் கிடையாது. "அல்லாஹ் புண்ணியத்துல நல்லாருக்கியாம்மா? மாப்ள சொகமா? இரு, அப்பாவக் கூப்புடுறேன்" என்றார் பாய். அப்பா வந்ததும், "அப்பா, நான் இப்ப வ்வால் தைக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"வவ்வாலா?" என்றார் அப்பா. "பறக்குற வவ்வாலா, கடல் வவ்வாலா?"

நம் கரையில் வவ்வால் என்றால் மீன்தானே. "மீனை எதுக்கும்மா தைக்கணும்? நறுக்கிக் கொழம்பு வைக்க வேண்டியதுதான?" என்று அவர் கேட்க, பக்கத்தில் நின்ற பாய், "சீமையில தச்சுத்தான் விப்பாங்க போல" என்று அவருக்குச் சமாதானம் சொல்வதும் கேட்டது. நான் படகுப் பாய் என்று விளக்கியதும், "அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று இரண்டு பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை, போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சேவியரின் சைக்கிள் சக்கரம் கோணிக்கொண்டது. அதற்கும் வ்வாலே என்றார் கடைக்காரர். அப்பாவானால் 'கோட்டம்' என்று சொல்லி, கம்பிகளை முறுக்கி நிமிர்த்திவிடுவார். மர்த்தின் காட்டிலிருந்து ஒரு கூடை காளான் கொண்டுவந்தாள். முளைக்கும்போது காளானை மூடியிருக்கும் மெல்லிய தோலுக்கும் பெயர் வ்வால்தானாம். அது கிழிந்து தண்டில் பாவாடை மாதிரித் தொங்கினால் உஷாராக இருக்க வேண்டும், சில ஆளைக் கொல்லும் என்றாள். இந்த நாட்டில் காளான் முக்காடு போட்டாலும் சந்தேகம்தான் என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை, சோதனைக் காலம் அல்லவா.

எல்லாவற்றையும்விட மோசம் டாக்டரிடம் நடந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்று போனேன். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்து, "உங்கள் வ்வால் ரொம்பச் சிவப்பாக இருக்கிறதே மதாம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர், நான் கல்யாணத்தில் வெள்ளைதான் போட்டேன்" என்றேன். அவர் பொறுமையாக ஒரு படத்தை எடுத்து, உள்நாக்குக்கு மேலே, அண்ணத்தின் பின்பகுதியில் தொங்குகிற சதையைக் காட்டினார். அதற்குப் பெயர் வ்வாலாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அம்மா கட்டுகிற மெல்லிய நூல் புடவைக்குப் பெயர் வாயில் புடவை. அது இந்த வ்வால்தான், ஆங்கிலேயன் கை மாறி நம் கடைக்கு வந்தது என்று மர்த்தின் சொல்லியிருந்தாள். ஆக, ஹாஜா பாய் கடை வாயிலில் அடுக்கி வைத்திருந்ததும் வாயில், இப்போது என் வாயில் சிவந்திருப்பதும் வாயில். பாயைப் பிறாண்டாத குறைதான்.

இனி நடந்தது எனக்குச் சிரிப்பாக வருவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. இரண்டு மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதுவரை வீட்டை யாருக்கும் விடாமல் வைத்திருந்த ரொட்டிக் கடைக்கார அம்மாவிடம் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அதைக் காட்டினால் வீடு எங்களுக்கு, இல்லையென்றால் அடுத்து நிற்கிறவருக்கு. வியாழக்கிழமை இவோன் என் பக்கத்தில் வந்து முட்டி போட்டு, "நாளை என்ன திட்டம், மதாம் பிலோ?" என்று கேட்டார். சாதாரண வேலைக் கேள்வி. மறுநாள் துறையில் நின்ற ஒரு படகில் நான் தைத்த மூன்று பாய்களை ஏற்றிக் கட்ட வேண்டியிருந்தது. நான் தைத்தது முதன்முதலாகக் காற்றைப் பார்க்கப்போகிறது. எனக்கு ஒரே பூரிப்பு. நாளை நான் பாய்களைக் கட்டுவேன் என்று சொல்ல நினைத்து, வார்த்தை வார்த்தையாகக் கோத்து, இலக்கணம் பிசகாமல் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை, ழெ மே லே வ்வால்." பன்மை சரி, வினை சரி, எல்லாம் சரி. அந்த வாக்கியத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வேறொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 'நான் கிளம்புகிறேன், ஆளை விடுங்கள்' என்று அர்த்தம்.

இவோன் தாடி அசையாமல் நின்றது. "அப்படியா? வெள்ளிக்கிழமையேவா?"

"ஆமாம், மிஸ்யே! ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது!" என்றேன், பல் முப்பத்திரண்டும் தெரிய.

"வருத்தமாக இருக்கிறது" என்றார். பாய்கள் பட்டறையை விட்டுப் போவதில் மனிதருக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்து நான் உருகினேன்.

காரைக்காலாக இருந்தால் இந்த விபரீதம் நடந்திருக்காது. வேலையை விட்டுப் போகிறேன் என்று அங்கே ஒருத்தி சொன்னால், "ஏம்மா, சம்பளம் பத்தலியா, யாரும் எதுவும் சொன்னாங்களா, வூட்டுல பிரச்சனையா, சொல்லும்மா" என்று பத்து பேர் மொய்த்துக் குடும்பக் கதை முழுவதையும் உருவிவிடுவார்கள். இவர்களுக்கு அடுத்தவர் முடிவில் தலையிடுவது அநாகரிகம். போகிறேன் என்றால் கேக் வாங்கி வருவார்கள். வாங்கியும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் துறையிலிருந்து திரும்பியபோது மேசையில் கேக், அதன் மேல் கிரீமில் 'போன் வான்' என்று எழுத்து. நல்ல காற்று என்று அர்த்தம், கடலுக்குப் போகிறவர்களை வழியனுப்பும்போது சொல்வது என்று பிற்பாடுதான் தெரிந்தது. பாய் தைக்கிற இடத்தில் நல்ல காற்று என்று எழுதாமல் பின்னே என்ன எழுதுவார்கள்? எனக்கு வேலை நிரந்தரமான கொண்டாட்டம் என்று நினைத்து, நானே கத்தியை வாங்கி வெட்டி, எல்லார் வாயிலும் ஒரு துண்டு ஊட்டிவிட்டேன். மர்த்தின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவோன் ஓர் உறையைத் தந்தார். உள்ளே ஒப்பந்தம், கையெழுத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்தவர் எதிரிலேயே உறையைப் பிரிப்பது நம் வழக்கம் இல்லையே. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில், எல்லாரும் இருக்கும்போது அண்ணியிடம் பெருமையாக நீட்டினேன்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "என்னடீ இது? வேலைய வுட்டு நீயாவே நின்னுட்டேன்னு எழுதியிருக்கு?"

"நானாவா? இல்லண்ணி, நல்லாப் படிங்க."

"நல்லாத்தான் படிச்சேன். கீழ ஒன் மொதலாளி கையெழுத்தும் போட்ருக்கார்."

சேவியர் என்னைப் பார்த்தார். "நீ என்னா சொன்ன பிலோ?"

"ஒண்ணுமே சொல்லலங்க. சத்தியமா ஒண்ணுமே சொல்லல."

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பத்து நிமிடச் சட்டத்தை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கேக் ஊட்டிவிட்டேனே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அண்ணி வீட்டின் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார். "போவட்டும் வுடு. இங்கயே இருங்க, யாரு தொரத்துனா? அந்தக் கருவாட்ட எடுத்து வறுத்துக்கடீ" என்றார். இரண்டு வருஷமாக ஏங்கிய நெத்திலியை வறுத்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. இரக்கத்தில் கிடைத்த அனுமதி, தொண்டையில் எங்கேயோ, அந்தச் சிவந்த வ்வாலுக்குக் கீழே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கதவில் 'தையல்காரி தேவை' என்று புது அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றக்கூட இல்லை. நேரே உள்ளே போய், விரித்திருந்த துணிக்கு ஓரமாக நின்று, "மிஸ்யே, என் தையலில் என்ன குறை?" என்று கேட்டேன்.

இவோன் எழுந்து நின்றார். "குறையா? உங்களைப் போல் விளிம்பு தைக்க இங்கே ஆள் இல்லை. நீங்கள்தானே போகிறேன் என்றீர்கள்?"

"நான் எப்போது சொன்னேன்?"

"வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை லே வ்வால் என்றீர்கள். சந்தோஷமாக இருக்கிறது என்று வேறு சொன்னீர்கள்."

"ஆமாம், சொன்னேன். கட்டினேனே! முன்பாய் இரண்டு, பெரிய பாய் ஒன்று! வேண்டுமானால் படகில் போய்ப் பாருங்கள்!"

முதலில் மர்த்தினுக்குத்தான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்புக்கு நடுவே விளக்க விளக்க என் காது மடல் சுட்டது. ஆனால் நானும் சைக்கிள் கடைக்காரர் மகள், அவ்வளவு சுலபத்தில் தோற்றுவிடுவேனா? கீழே கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து விரித்தேன். "என் பாஷையில் இதற்குப் பெயர் பாய். படகில் கட்டுவதும் பாய், தரையில் போட்டுப் படுப்பதும் பாய். நாங்கள் ஓர் இடத்தை விட்டுப் போவதென்றால் பாயைச் சுருட்டுவோம். இப்படி." சுருட்டிக் கக்கத்தில் வைத்துக் காட்டினேன். "விரித்தால் இருக்கிறோம் என்று அர்த்தம். நீங்கள் விரித்தால் போகிறீர்கள், நாங்கள் விரித்தால் இருக்கிறோம். நான் விரிக்கிறேன் என்றுதான் சொன்னேன். சுருட்டுகிறேன் என்று சொல்லவே இல்லை!"

இவோன் என்னையும் அந்தச் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். தாடிக்குள் ஏதோ குலுங்க ஆரம்பித்தது. பிறகு வாசலுக்குப் போய் அந்த அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தார். திரும்பி வந்து, "மதாம் பிலோ, முதலில் செருப்பைக் கழற்றுங்கள்" என்றார். மத்தியானத்துக்குள் ஒப்பந்தம் தயாராயிற்று. அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று மர்த்தின் என் வாயைக் கையால் பொத்தி வைத்திருந்தாள். சாயங்காலம் ரொட்டிக் கடை சாத்துவதற்கு முன்னால் ஓடிப்போய்க் காட்டினேன். சாவி கிடைத்தது.

குடிபோன சனிக்கிழமை, வீட்டில் ஒரு சாமான் இல்லை. அந்த சோபாக் கட்டிலை எடுத்துக்கொள் என்று அண்ணி வற்புறுத்தினார், அதன் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று நான் சபதம் செய்திருந்தேன். அண்ணி ஒரு பெரிய சட்டியைத் தந்து, "இதுல வறு, அடி புடிக்காது" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியிலேயே மூக்கை உறிஞ்சினார். எனக்கும் அழுகை வந்தது. இவ்வளவு நாள் இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தவளுக்கு அழுகை வருவானேன்? வந்தது. மத்தியானம் இவோனும் மர்த்தினும் ஒரு பெரிய சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். கிழிந்து, ஒட்டுப்போட்டு, இனிமேல் கடலுக்குப் போக முடியாது என்று கழித்துப் போட்ட பழைய முன்பாய். "தரைக்கு" என்றார் இவோன். பிறகு, ரொம்ப நாள் பழகினவர் மாதிரி என் மொழியில், "பாய்" என்றார். ஒரு சொல் கற்றுக்கொண்ட பெருமை அவர் முகத்தில் வழிந்தது. மர்த்தின் வழக்கம்போல் திருத்தினாள்: லா பாயா, லு பாயா? எங்கள் பாயைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சொன்னேன்.

அவர்கள் போனபின் அதை விரித்தேன். அறை முழுக்க வந்தது, முக்கோண நுனி மட்டும் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தது. சட்டியில் நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது. வாடை வெளியே போகட்டும் என்று கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சேவியரும் நானும் கையைத் தலைக்குக் கொடுத்து அதன் மேல் படுத்தோம். மெழுகும் உப்பும் கலந்த ஒரு வாசனை. இரண்டு வருஷத்தில் முதன்முறையாக முதுகு முழுசாகத் தரையைத் தொட்டது. படுத்தபடியே பாய் கடைக்குப் போன் போட்டேன். அப்பா வந்தார்.

"புது வூடு எப்புடிம்மா இருக்கு? கட்டில், பீரோல்லாம் வாங்கியாச்சா?"

"இல்லப்பா. ஒரு பாய் மட்டும் இருக்கு."

"எந்தப் பாய்?" என்றார் அப்பா. அவர் பின்னாலிருந்து ஹாஜா பாய், "யாரு, என்னயவா கேக்குது புள்ள?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகக் கடற்காற்று உள்ளே வந்தது. விளிம்பைப் பிடித்துத் தூக்கியது, எங்களுக்கு அடியிலிருந்த துணி விம்மி மேலே எழும்பப் பார்த்தது. பழைய பழக்கம், அதற்கு இன்னும் போகவில்லை. இந்த ஊர் நியாயப்படி விரித்துவிட்டாய், புறப்படு என்கிறது. எங்கள் ஊர் நியாயப்படி விரித்துவிட்டாய், படு என்கிறது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு முட்டியால் அதன் ஒரு மூலையை அழுத்திப் பிடித்தேன். இன்னொரு மூலை எழுந்தது.

"ஹலோ, ஹலோ... எந்தப் பாயும்மா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.